திரும்பப் போட்ட சீட்டு

யேசுபாதம் மாமா தன் வீட்டிலிருந்து எடுத்து வந்த பெரிய பொருள் ஒரு கதவுதான்.

தில்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் அவர் வீடு எங்களுக்கு எதிர்வீடு. சந்து அவ்வளவு குறுகல், அவர் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். புல்டோசர் வருவதற்கு முதல்நாள், போன வருஷம் மே மாதக் கடைசியில், எல்லோரும் சிலிண்டர், பீரோ, கூலர் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, கட்டிலு கெடக்குது, கதவக் கழட்டினு இருக்கியே, பைத்தியமா உனக்கு?" என்று அம்மா கத்தினாள்.

"கட்டிலு வேற கெடைக்கும் முத்துமாரி."

கதவின் உட்பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் காகிதச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பேனாவால் வருஷம் எழுதியிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரமாக அவர் நடந்துபோனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டே விதம். ஒரு சாரார் சிரிக்கிறார்கள், இன்னொரு சாரார் பாவம் என்கிறார்கள். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் கிறிஸ்தவப் பெண் இல்லை. எங்கள் வீட்டில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம், கிருத்திகைக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவோம். எனக்கு அவருடைய சாமியைப் பற்றி அதிகம் தெரியாது. அவரைத் தெரியும்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் தில்லிக்கு வந்தவர். ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் கார் துடைப்பது அவர் வேலை. காலை ஐந்தரைக்கு வாளியும் துணியுமாகப் போனால் பதினாறு கார். ஜனவரிப் பனியில் அந்தத் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து அவர் விரல்கள் எப்போதும் வெடித்தே இருக்கும். மனைவி ரூத் அத்தை நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். 2019இல் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை.

அத்தை போன பிறகு மாமா சாயங்காலங்களில் ஆண்டவரோடு பேச ஆரம்பித்தார். ஜெபம் என்று சொல்ல முடியாது. போனில் பேசுவது மாதிரி. "மூணாம் நம்பர் வண்டி இன்னிக்கு ஒரே சேறு ஆண்டவரே. நாயி வேற மேல ஏறிப் படுத்திருக்குது. மேம்சாப் என்னக் கத்தறாங்க. நாயக் கேட்டா என்னவாம்?" இப்படிப் போகும். நடுவில் நிறுத்துவார். பதில் கேட்பவர் போலக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு "அதுவும் சரிதான்" என்பார். எங்கள் வீட்டில் நானும் தம்பியும் வாயைப் பொத்திச் சிரிப்போம். அம்மா அதட்டுவாள். "கம்னு கெடங்க. பேசறதுக்கு ஒரு ஆள் வேணும் இல்ல மனுசனுக்கு?"

கதவில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் போகும் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு சர்ச்சில் காலையில் இந்தி ஆராதனை முடிந்த பிறகு, மத்தியானம் இரண்டு மணிக்கு இடம் கிடைக்கும். வருஷத்தின் முதல் ஞாயிறன்று அங்கே ஒரு பழக்கம் உண்டு. வேத வசனங்களை அச்சடித்து, வெட்டி, சுருட்டி, நூல் கட்டி ஒரு தட்டில் போட்டு வைப்பார்கள். கண்ணை மூடி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். ஊரிலிருந்து தாள்தாளாக வரும் அச்சை வெட்டிச் சுருட்டுவது, தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போவது, கடைசியாகத் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்வது, எல்லாம் மாமாவின் பொறுப்பு.

2025 ஜனவரியில் அவருக்கு வந்த சீட்டை அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து காட்டினார். 'உன்னை நாட்டி வைப்பேன், இனி நீ இடம் பெயர மாட்டாய்' என்கிற பொருளில் ஒரு வசனம். கேம்ப்பை எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது சந்துக்குச் சந்து நடந்துகொண்டிருந்தது.

"பாத்தியா முத்துமாரி? ஊடு போவாது."

"போவலன்னா நல்லதுதாண்ணா. எதுக்கும் ரேஷன் கார்டப் பத்தரமா வெய்யி."

பிப்ரவரியில் அவர் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாராம். என் வீடு நிற்கும், நின்ற பிறகு வந்து மறுபடியும் சாட்சி சொல்வேன் என்று. எல்லோரும் அல்லேலூயா சொன்னார்களாம்.

பிறகு காகிதங்களைச் சரிபார்க்கும் நாள் வந்தது. பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரண்ட் பில் எல்லாவற்றையும் காட்டினால்தான் தில்லியின் வடகோடி நரேலாவில் மாற்று ஃப்ளாட் கொடுக்கும் பட்டியலில் பெயர் வரும். அம்மா விடியற்காலையே போய் வரிசையில் நின்றாள். பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. "அண்ணனக் காணல. ஜல்தி போயி இட்டுனு வா." எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சபையில் அன்று உபவாச ஜெபம். பின் பெஞ்சில் மாமா முட்டி போட்டிருந்தார். மடியில் காகிதங்கள் வைத்த பாலிதீன் பை.

"மாமா, வாங்க. ஒரு மணிக்கு முடிச்சிடுவாங்களாம்."

"நா வரல பாப்பா."

"பேப்பரு எல்லாம் கையிலதான இருக்குது? குடுத்துட்டு வந்து ஜெபம் பண்ணுங்க."

"போறதுக்குத்தான் எடுத்தாந்தேன். இங்க வந்து உக்காந்தப்பறம் ரோசனையாப் பூடுச்சி. அவுரு ஊடு போவாதுன்னு சொல்லிட்டாரு. நா போயி வேற ஊட்டுக்கு மனு குடுத்தா, உம்மேல நம்பிக்கை இல்லன்னு சொல்ற மாதிரி ஆவாதா?"

கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். சர்ச்சுக்குள் சத்தம் போட வெட்கமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

பட்டியலில் எங்கள் பெயர் வந்தது. அவர் பெயர் வரவில்லை. ஜூன் முதல் தேதி, சாயங்காலத்துக்குள் எங்கள் சந்து செங்கல் குவியலாகிவிட்டது.

நாங்கள் நரேலாவுக்குப் போனோம். பழைய வீடுகளில் வேலை செய்ய அம்மா பஸ் மாறி மாறி இரண்டு மணி நேரம் போகிறாள். நான் பாஸ் செய்துவிட்டேன், ஆனால் எந்தக் காலேஜிலும் இன்னும் சேரவில்லை. நரேலாவில் பேச ஆளில்லை. பகலெல்லாம் நாலாவது மாடி ஜன்னலில் நின்று காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி நிற்கும்போது பெரும்பாலும் மாமாவின் ஞாபகம்தான் வரும்.

அக்டோபரில் ஒருநாள் அவரைத் தேடிப் போனேன். சராய் காலே கானில், பீகாரிலிருந்து வந்த இரண்டு பேரோடு ஓர் அறையில் இருந்தார். கதவு சுவரில் சாய்ந்திருந்தது, சீட்டுகள் சுவர்ப் பக்கம் திரும்பி.

"யே தர்வாஜா கஹான் கா ஹை, சாச்சா கபி நஹி பதாத்தே" என்றான் அவர்களில் ஒருவன். எந்த ஊர்க் கதவு என்று சாச்சா சொல்லவே மாட்டேன் என்கிறாராம். இன்னொருவன், "ஜன்னத் கா ஹோகா" என்று சிரித்தான். சொர்க்கத்துக் கதவாக இருக்கும். மாமாவும் லேசாகச் சிரித்தார்.

அவர்கள் வேலைக்குப் போன பிறகு, "இப்பெல்லாம் பேசறீங்களா மாமா?" என்று கேட்டேன். யாரோடு என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது.

"இல்ல பாப்பா. ஜூன்ல நிறுத்தினது."

"கோவமா?"

"கோவம் இருந்தாப் பேசலாமே. திட்டலாம். இது அது இல்ல." கதவைத் திருப்பினார். "இத பாரு."

2019ஆம் வருஷச் சீட்டு மட்டும் தலைகீழாக ஒட்டியிருந்தது.

"அந்த வருசம் ரூத்துக்குச் சொகம் கெடைக்கும்னு வந்துது. அவ பூட்டா. கிழிக்க மனசு வரல, தலகீழா ஒட்டனேன். அப்பறம் நானே சொல்லிக்கினேன், பரலோகத்துல சொகமா இருக்கா, அப்ப சீட்டு சரிதான்னு. ஒவ்வொண்ணுக்கும் இப்பிடி ஒரு சமாதானம் சொல்லி வெச்சிருக்கேன். இந்த வருசச் சீட்டுக்கு மட்டும் சொல்ல முடியல."

"ஏன்?"

வெடித்த விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நா ரெண்டு சீட்டு எடுத்தேன் பாப்பா."

2025 ஜனவரியில் கடைசியாகத் தட்டில் இரண்டே சீட்டுகள் மிச்சம். முதலில் எடுத்ததைப் பிரித்தார். இருக்கும் இடத்தைவிட்டுக் கிளம்பி, நான் காட்டும் இடத்துக்குப் போ என்று சொல்லும் வசனம். யாரும் பார்க்கவில்லை. அதைச் சுருட்டித் திரும்பத் தட்டில் போட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்.

"மொதல்ல வந்ததுதான் அவுரு சொன்னது. நா அதத் திருப்பிப் போட்டுட்டு, எனக்குப் புடிச்சத வெச்சிக்கினு, அவுரு சொன்னார்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஒரு ராத்திரி இப்பிடித் தோணும். மறுநாளு வண்டி தொடைக்கும்போது வேற தோணும். ஏம்பா, நீயே வெட்டன பேப்பரு, நீயே சுத்தன நூலு. அதுல யாரு வந்து பேசப் போறாங்க?" என்னைப் பார்த்தார். "சொல்லிட்டு நான்தான் கேக்கலன்றது கஷ்டமா, இல்ல யாருமே சொல்லலன்றது கஷ்டமா? எனக்குத் தெரியல."

தண்ணீர் குடித்தேன், கிளம்பி வந்துவிட்டேன்.

இந்த ஜனவரி முதல் ஞாயிறு, நானே அவரோடு சபைக்குப் போனேன். தட்டைப் பிடிக்கும் வேலையை அவர் வேறொருவரிடம் கொடுத்திருந்தார். சீட்டு எடுப்பதற்கு முன் சாட்சி நேரம். ஒரு அக்காவுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. ஒருவருக்குப் பேரன் பிறந்திருந்தான். ஒவ்வொரு சாட்சிக்கும் எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். பிறகு மாமா எழுந்தார். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போன வருசம் நா இங்க ஒரு சாட்சி சொன்னேன். ஊடு போவாதுன்னு. அது தப்பு. எனக்கு வந்த சீட்டத் திருப்பிப் போட்டுட்டு வேற ஒண்ண எடுத்தேன். அத நம்பி மனு குடுக்கல. என்னப் பாத்து இங்க யாராச்சும் அப்பிடி இருந்திருந்தா மன்னிச்சிடுங்க. அவ்ளோதான்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஒரு குழந்தை பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கும் சத்தம் கேட்டது. போதகர் தொண்டையைச் செருமி, "ஆண்டவர் நம்ம பலவீனத்தையும் அறிஞ்சவர்" என்றார். உடனே பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாமா உட்கார்ந்தே இருந்தார். தட்டு வந்தபோது தலையை அசைத்து அனுப்பிவிட்டார். என்னிடம் நீட்டினார்கள், நானும் எடுக்கவில்லை. வெளியே சாயா கொடுக்கும் இடத்தில் யாரும் அவர் பக்கம் வரவில்லை, அவரைச் சுற்றி இடம் காலியாகவே இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் அந்தப் பாலிதீன் பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "இன்னும் மனு வாங்கறாங்களா பாப்பா?"

"கேட்டுப் பாக்கலாம் மாமா."

மறுவாரம் இருவரும் வீடு ஒதுக்கும் ஆபீசுக்குப் போனோம். வாங்கிக்கொள்கிறோம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது, குறிப்பிட்ட நாளில் ஏன் வரவில்லை என்று மட்டும் காரணம் எழுதுங்கள் என்றார் அங்கிருந்தவர். நல்ல மனிதர். என்னைப் பார்த்து மெதுவாக, "பீமார் லிக் தோ பேட்டி" என்றார்.

மரத்தடியில் உட்கார்ந்து இந்தியில் மனுவை எழுதினேன். காரணம் வரும் இடத்தில் நிறுத்தி, "உடம்பு சரியில்லன்னு எழுதிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். ஜெபத்துல இருந்தேன்னு எழுது."

"சிரிப்பாங்க மாமா. மனுவ அப்பிடியே தூக்கிப் போட்டாலும் போட்டுடுவாங்க."

"போடட்டும். பொய் எழுதி ஊடு கெடைச்சா, அதையும் அவுருதான் குடுத்தார்னு நம்ப ஆரம்பிச்சிடுவேன். என்ன எனக்குத் தெரியும்."

அவர் சொன்னபடியே எழுதினேன். ஆபீஸ்காரர் படித்தார், புருவத்தை உயர்த்தினார், முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார். மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்ணாடி முழுக்கப் பனிப்புகை. கொஞ்ச தூரம் போனதும் அவர் குரல் கேட்டது. பழைய குரல்தான், ஆனால் ரொம்ப மெல்ல.

"ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சிட்டாங்க ஆண்டவரே."

நிறுத்தினார். ரிங் போகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பவர் போல இருந்தார். லாஜ்பத் நகர் வந்தது, ஆஷ்ரம் ஸ்டாப் வந்தது. 'அதுவும் சரிதான்' என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஆனால் இறங்கும் இடம் வரும்வரை அப்படியே, தலையைச் சற்றுச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.