பதினேழுக்கு ஒரு ஓட்டு அதிகம்

பெரியவளுக்குச் சின்னவளைப் பார்த்தால் வயிறு எரியும். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்கிறவர் வெளியே சொல்லமாட்டார் என்று தெரிந்தால் அவளே ஒத்துக்கொள்வாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். வேலையும் ஒரே இடத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி என்று மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்து, மடித்து, தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். பெரியவளுக்கு அங்கே பத்தொன்பது வருஷம். சின்னவளுக்கு ஆறே வருஷம். கையைப் பிடித்துக் கூட்டி வந்து சேர்த்துவிட்டதே பெரியவள்தான். "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்று அதை நினைக்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

வேலை கற்றுக் கொடுத்ததும் அவளேதான். விரிப்பை எல்லாரும் நாலாக மடிப்பார்கள். பெரியவள் மூன்றாக மடித்து, கடைசி மூலையை உள்ளே செருகிவிடுவாள். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் பிரியாது. அவளாகவே கண்டுபிடித்த மடிப்பு. மற்றவர்களுக்கும் காட்டிப் பார்த்தாள். "இதுக்கெல்லாம் யாருக்குக்கா நேரமிருக்கு?" என்று ஒருத்தியும் சீண்டவில்லை. சின்னவள் மட்டும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். மறுவாரம் மேலாளர் வந்தார், சின்னவள் மடித்து வைத்திருந்த அடுக்கைப் பார்த்தார், "அடடா, இந்தப் பொண்ணு கை என்ன சுத்தம்!" என்றார். பெரியவள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அன்றைக்குப் பற்றிய நெருப்பு அது.

அப்புறம் எதைத் தொட்டாலும் சின்னவள்தான். மாமியார் மாத்திரை போடத் தண்ணீர் கேட்பது சின்னவளிடம். பெற்ற மகள் வீட்டுப்பாடம் எழுதுவது சித்தி வீட்டில். ஒருநாள் புருஷன், "சின்னவ போடுற டீ..." என்று வாயைத் திறந்தவன், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டான். அப்படி என்னத்தைக் கண்டார்கள் அவளிடம்? சிரிப்பாள். திட்டினாலும் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாள். அதற்கே ஊர் மொத்தமும் விழுந்துவிடுமா என்ன?

விழுந்துவிட்டது. சலவைக்கூடத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பட்டியல் போடுவதும், மேலாளரிடம் போய்ப் பேசுவதும் அந்த ஆளின் பொறுப்பு. போன தடவை ஓரகத்திகள் இருவரும் நின்றார்கள். கை தூக்கும் தேர்தல். சின்னவளுக்குக் காடு மாதிரி கைகள் எழும்பின. அதைவிடக் கொடுமை, போட்டியிடுகிறவர் எதிராளிக்குத்தான் கை தூக்க வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். எழுதி வைத்த சட்டமெல்லாம் இல்லை. தனக்குத் தானே கை தூக்கிக்கொண்டு நிற்பது பார்க்கச் சகிக்கவில்லை என்று என்றைக்கோ யாரோ ஆரம்பித்து வைத்தது. அத்தனை பேர் முன்னால் பெரியவள் சின்னவளுக்காகக் கையைத் தூக்கினாள். ஒரு வாரம் வலித்தது அந்தக் கை.

இந்த வருஷம் தேர்தல் பேச்சு வந்ததுமே தேர்தலை நடத்துகிற ஸ்டோர்கீப்பரிடம் போய் நின்றாள்.

"சார், கை தூக்கச் சொன்னா பக்கத்துல இருக்கிறவ தூக்குறாளான்னு பார்த்துத்தான் தூக்குவாங்க. மனசுல இருக்கிறது வெளிய வராது. பெட்டி வைங்க."

"எண்பத்து மூணு பேருக்குப் பெட்டி எதுக்கும்மா?"

"எண்பத்து மூணு பேருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

விடாமல் ஒரு மாசம் அரித்தாள். கடைசியில் சோப்புத்தூள் வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டு வைத்தார். வழக்கத்தை மாற்றவில்லை. வேட்பாளர்கள் இருவரும் கடைசியாகப் போய் ஒருவருக்கொருவர் போட வேண்டும். பார்க்கத்தான் ஆளிருக்காது.

பெரியவள் வீடு வீடாகப் போனாள். கை உள்ளே மாட்டாமல் இருக்க உருளையில் வைத்த தடுப்புக் கம்பி உடைந்து மூன்று மாசம் ஆகியும் ஒருத்தரும் கேட்கவில்லை, நான் வந்தால் மறுநாளே போய் நிற்பேன் என்றாள். நியாயமான பேச்சு. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். சின்னவளோ எங்கேயும் போகவில்லை. கேட்டவர்களிடம் "அக்கா நல்லா செய்வாங்க, யோசிச்சுப் போடுங்க" என்றாளாம். அது காதில் விழுந்ததும் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவள் பட்டமும் அவளுக்கே வேண்டுமாமே!

மதிய இடைவேளையில் ஓட்டுப் போட்டார்கள். ஸ்டோர் மூலையில் ஒரு விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டு மறைப்பு. சீட்டில் பெயருக்குப் பதில் இரண்டு டோக்கன் எண்கள், பெரியவளுடைய பதினேழு, சின்னவளுடைய அறுபத்து நாலு. எண்பத்தொரு பேர் போட்டு முடித்ததும் பெரியவள் உள்ளே போனாள்.

பேனாவை எடுத்தாள். அறுபத்து நாலுக்கு மேல் கொண்டுபோனாள். கை இறங்கவில்லை. மாமியார், மகள், மேலாளர், பாதியில் நின்ற அந்த டீ, எல்லாம் நினைவுக்கு வந்தன. இதையும் என் கையாலேயே தூக்கிக் கொடுக்கணுமா? பதினேழுக்கு நேரே குறி போட்டாள். படபடவென்று மடித்தாள், பெட்டிக்குள் போட்டாள், வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். அடுத்துப் போன சின்னவள் மூச்சு விடுகிற நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள், சிரித்துக்கொண்டு.

பெட்டியை மடிப்பு மேசையில் கவிழ்த்தார் ஸ்டோர்கீப்பர். ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணைப் படிப்பார். தில்லுமுல்லு இருக்கக் கூடாது என்று எதிராளியின் சீட்டைத்தான் வேட்பாளர் அடுக்க வேண்டும். ஆக, பதினேழின் சீட்டெல்லாம் சின்னவள் கையில்.

இருபது சீட்டு தாண்டியிருக்கும். "என்னம்மா இது, பொட்டலமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாக மடித்து மூலையைச் செருகிய சீட்டு. பெரியவளுக்குப் பகீரென்றது. பத்தொன்பது வருஷப் பழக்கம், மனசு பதறிய நேரத்தில் கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

"பதினேழு."

அது தன் சீட்டாகவும் இருக்கலாம், சின்னவள் சீட்டாகவும் இருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் சின்னவளும் அப்படி மடித்திருந்தால் இன்னொன்று வராமலா போகும்? குவியலில் ஏழெட்டுச் சீட்டு மிஞ்சியிருந்தபோது வந்தது.

"இதோ, இன்னொரு பொட்டலம்! யாரும்மா இந்தக் கைவேலை?" நகத்தால் மூலையை நெம்பிப் பிரித்தார். "இதுவும் பதினேழு."

அந்த மடிப்பு அந்தக் கூடத்தில் இரண்டே பேருக்குத்தான் கைவந்தது. சின்னவள் தலை நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"அவசரத்துல யாரோ சுருட்டிட்டாங்க சார்" என்று சொல்லிச் சீட்டை வாங்கினாள் சின்னவள். அடுக்கிலிருந்து முதல் பொட்டலத்தையும் உருவினாள். இரண்டையும் மேசையில் வைத்துக் கட்டைவிரலால் மடிப்புத் தடம் போகும்வரை அழுத்தித் தேய்த்தாள். அடுக்கின் நடுவில் செருகிவிட்டாள்.

பதினேழுக்கு நாற்பத்திரண்டு. அறுபத்து நாலுக்கு நாற்பத்தொன்று. கைதட்டினார்கள். பெரியவள் கூட்டிக் கழிக்கவே வேண்டியிருக்கவில்லை. வழக்கப்படி போட்டிருந்தால் அந்த நாற்பத்திரண்டு சின்னவளுக்கு. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். கைதட்டியவர்களுக்குக் கும்பிடு போட்டாள். சின்னவள் கத்தி ரகளை பண்ணியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? இப்படி விட்டுக்கொடுக்கிற மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அதற்கும் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் இருவரும் வழக்கம்போல ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். வாசல் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டே சின்னவள் திரும்பினாள்.

"அக்கா, நாளைக்கு முதல் வேலையா அந்தத் தடுப்புக் கம்பியைக் கேட்டுடுங்க."

"ம்."

"அப்புறம், அடுத்த தேர்தல்ல பேப்பரை ரெண்டா மட்டும் மடிங்க."

அப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சண்டாளி.