மாசிக் கடலில் இறங்கினேன்

இன்று காலை கடியப்பட்டணம் கடலில் நீந்தினேன்.

சின்ன வயதில் நீந்தியவள்தான். வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது நாற்பது தாண்டி, எடை கூடி, முழங்கால் முட்டு வலியும் வந்தபிறகு டாக்டர் நீந்தச் சொல்கிறார். மாசியில் கடல் அமைதியாக இருக்கும். கோடை வெயில் ஏறுவதற்குள் உடம்பைத் தேற்றிவிட வேண்டும் என்று, அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சுடிதாரோடு இறங்கினேன்.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா கத்தினார்.

“ஏட்டி ஜெசி, பொம்பிளைக்குக் கடல்ல என்ன சோலி? ஆளுவ பாக்கியாவ, ஏறி வா!”

“பாக்கட்டும் மாமா. மீன் விக்கியதுக்குப் பொம்பிளை வேணும், நீந்தியதுக்கு ஆவாதா?”

“ஏலே, நீயாவது சொல்லு” என்றார் அண்ணனிடம்.

“நீரே சொல்லிப் பாரும் மாமா. எனக்கு அவளக் கண்டா பயம்.”

மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறியது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நங்கூரமிட்டிருந்த வள்ளத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

கரையேறியபோது மாமி துண்டோடு நின்றார். மாமாவின் காதில் விழும்படியே கேட்டார்.

“நாளைக்கும் இறங்குவியா மக்கா? எனக்கும் முட்டு வலி உண்டு.”

நாளை நாங்கள் இரண்டு பேர். வேறு யாருக்கெல்லாம் முட்டு வலி? கீழே கமெண்டில் சொல்லுங்கள்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தள்ளி நிற்கவும். தண்ணீர் தெறிக்கும்.