கழற்றினால் மெற்றில்டா வருவா

மெற்றில்டா போய்விட்டார் என்ற செய்தி, அவரே தன் தோர்ண்டன் ஹீத் வீட்டிலிருந்து நடத்திவந்த, எங்கள் கோயில் பாடகர் குழுவின் அரட்டைச் செயலியில்தான் வந்தது. மகள் றொசலின் எழுதியிருந்தாள். இரண்டு மணி நேரத்தில் அந்தச் செயலியும் வாய்மூடிக்கொண்டது. செத்தவீட்டுக்கு வந்த யாரோ தேத்தண்ணீர்க் கேத்தலைச் செருக இடம் தேடி, அந்தச் செயலியை ஓட்டும் கணினியான சேர்வரின் பிளக்கைக் கழற்றிவிட்டார்கள். மறுபடி செருகியபோது டிஸ்க் எழும்பவில்லை. எங்கள் பாட்டுப் பதிவுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

மெற்றில்டா மன்னார்க்காரி, பஸ் டிப்போவில் ஷிப்ட் போடுகிற வேலை. ஓர் இணைய நிறுவனம் தன் இலவசச் சேவையை மூடியபோது எங்கள் பழைய படங்கள் போய்விட்டன. நாங்கள் ஒப்பாரி வைக்க, அவர் சொன்னார்: "வாடகை வீட்டிலை ஆணி அடிச்சுப் படம் மாட்டினால் இப்பிடித்தான்." அடுத்த கிழமையே பழைய கணினி ஒன்றை வாங்கி, திறந்த மூல மென்பொருள்களைப் போட்டு, எங்களையெல்லாம் அதில் குடியேற்றினார்.

அவரிடம் சில கட்டளைகள் இருந்தன. "புது வேர்ஷன் வந்த அண்டைக்கே பாயாதேயும். ஒரு கிழமை மற்றவை அடிபடட்டும்." எல்லாவற்றையும் முழுதாகத் திறக்கும் கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி என்னிடம் தந்தார். "என்ரை தலைக்குள்ளை மட்டும் இருந்தால் என்னோடையே போயிடும்." அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன்.

எல்லாவற்றுக்கும் பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. ஒவ்வொரு இரவும் இணையம் வழியே அந்தப் பிரதி வந்து பதிவாகும் டிஸ்க், மோர்டனில் என் வீட்டுச் சப்பாத்து அலுமாரிக்குள் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அதிலிருந்து ஏதாவதொன்றை நான் மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். "அந்தோனி, பார்த்தீரோ?" என்பார். "ஓம், பார்த்தனான்" என்பேன். பச்சைப் பொய்.

ஒரு தை மாதம் இன்னொரு கணினியோடு வந்து நின்றார். "இப்ப எடும் பாப்பம்." எடுத்தால், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பிருந்தே ஒன்றும் பதிவாகவில்லை. பாலன் குடில் விளக்குக்காக நான்தான் பிளக்கைக் கழற்றியிருந்தேன். மெற்றில்டா படியில் குந்தியிருந்து வயிறு நோகச் சிரித்தார். "பாலனுக்கு வெளிச்சம் குடுத்தீர், சரி. எங்களை இருட்டிலை விட்டிட்டீரே! நம்பிக்கையைக் கோயிலிலை வையும். பேக்கப்பை எடுத்துப் பாரும்." பிறகு பிளக்கில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, அந்த ரேப்பில் எழுதினார்: கழற்றினால் மெற்றில்டா வருவா.

அதன்பின் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. சேர்வர் படுத்தபிறகு றொசலின் போனில், "அங்கிள், அம்மா பாடினது ஒண்டாவது இருக்கோ? பூசையிலை போட வேணும்" என்று அழுதாள். உறையைக் கிழித்தேன், கடவுச்சொல்லை அடித்தேன். பின்னேரத்துக்குள் எல்லாம் வந்துவிட்டது, ஒரு பாட்டும் குறையாமல்.

அடக்கப் பூசையில் அவர் குரல் ஒலித்தது. ஒத்திகைப் பதிவு அது; பாதியில் பாட்டை நிறுத்திய குரல், கீபோர்ட் வாசித்த என்னிடம், "அந்தோனி, பஸ் பிடிக்கவே ஓடுறீர்? மெதுவா வாசியும்!" என்றது. வெட்டியெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோயிலே சிரித்தது, பாதரும் சிரித்தார். கீபோர்ட்டுக்குப் பின்னால் நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அவரை அறிந்தவர்களே, இப்போது சேர்வரைப் புது டிஸ்க்குடன் றொசலின் நடத்துகிறாள். பிரதி இன்னும் என் சப்பாத்துகளோடுதான். நான் அவருடையதென்று வைத்திருப்பது முதல் சனிக்கிழமையையும் அந்த ரேப்பையும்தான். போன கிழமை அதை வாசித்துக்கொண்டு நின்றபோது அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பிளக்கைக் கழற்றினேன். என் டிஸ்க் நின்றால் சேர்வரை நடத்துபவருக்குத் தகவல் போகும்படி, அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவர் அமைத்து வைத்திருந்தது எனக்கு மறந்தே போயிற்று. ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

"அங்கிள், பிளக்கைக் கழற்றினீங்களோ?" றொசலின்தான். அதே குரல், அதே அதட்டல்.

"ஓம் பிள்ளை," என்றேன். "உன்ரை அம்மா வாறாவோ எண்டு பார்த்தனான்."