இரைச்சலோடு ஒரு தாலாட்டு

கோயமுத்தூரில் பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். தண்ணீர் ஏறவில்லை என்று தோட்டத்துக்காரர்கள் புது மோட்டார் வாங்கக் கிளம்பினால், முதலில் கிணற்றுக்குள் குழாயின் அடியில் கிடக்கும் ஃபுட்வால்வைப் பாருங்கள் என்று திட்டுவேன். அப்படித் திட்டியவனுக்கே தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் புத்தி புல் மேயப் போய்விட்டது.

என் மனைவி எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுப் பூசைக்குப் பாடிவந்தவள். அவள் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல் நரம்பு பாதிக்கப்படலாம், பழைய குரல் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெருந்துறையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அப்போது ஏழு மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு தாலாட்டைப் பாடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஜன்னல்களில் ஜமக்காளத்தைக் கட்டித் தெருச் சத்தத்தை அடைத்தேன். வீட்டிலிருந்த பழைய மைக்கைக் கேசட் டெக்கில் செருகிப் பதிவு செய்தோம். போட்டுக் கேட்டால், குரலுக்குப் பின்னால் உஸ்ஸென்று ஓயாத இரைச்சல். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மைக் மட்டம் என்று நானே தீர்ப்பு எழுதி, ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கரண்டைப் பற்றி எனக்கே பாடமா என்று நடையைக் கட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் காலையில் புது மைக்கை மாட்டினேன். டெக் ஓடும் சத்தம் மைக்கில் விழக் கூடாதென்று அதை அடுத்த அறையில் வைத்திருந்தேன். சும்மா சோதிக்கத்தானே, இதற்கு எதற்குப் புது கேசட் என்று, தாலாட்டு இருந்த கேசட்டின் மேலேயே பதிவைத் தட்டிவிட்டு, மைக் முன்னால் நின்று நெடுநேரம் பேசினேன். திருப்பிப் போட்டேன். என் குரலும் இல்லை, அவள் பாட்டும் இல்லை. அந்த உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும்தான்.

ஒயரை மாற்றிப் பார்த்தேன், ஈயம் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தேன். சேலை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "ஏனுங்க, பழைய மைக்கையே மாட்டுங்க. இன்னொருக்கா பாடிப்போடறேனுங்க."

இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்றே இருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "வந்து பாடிக்கலாம் அம்மணி" என்றேன். பாவி, அந்த வாயால்தான் சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் திரும்பவில்லை. காற்று மட்டும்தான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே கடைக்காரரிடம் போய்த் தலைகுனிந்து கேட்டேன். மைக் தருவது மிகச் சன்னமான மின்சாரம், அதைத் தூக்கிக் கொடுப்பது ப்ரீஆம்ப், இரைச்சல் என் டெக்குக்குள் இருந்த மட்டமான ப்ரீஆம்பில் பிறந்தது என்று விளக்கினார். கண்டென்சர் மைக்குக்கு நாற்பத்தெட்டு வோல்ட் ஊட்ட வேண்டுமாம். என் டெக்கில் அந்த வசதியே கிடையாது. நல்ல ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கிவந்து பழைய மைக்கைச் செருகினேன். சுத்தமாகக் கேட்டது. மைக்கில் எந்தக் குறையும் இருந்ததில்லை. வாய்விட்டு அழுதேன்.

கேசட் அழிந்ததை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை; புது மைக் வேலை செய்யவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தைரியம் வரவில்லை. மகள் பிள்ளை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அந்த கேசட்டைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள் மனைவி. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவள் பழைய மைக்கைக் கொண்டுவரச் சொன்னாள். வைத்துப் பதிவைத் தட்டினேன். தாலாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வெறும் காற்றாகவே சொன்னாள். முடித்துவிட்டு, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"இது எப்படி இருந்தாலும் இருந்துட்டுப் போவட்டுங்க. அழிச்சுப்போடாதீங்க."