மூன்று லோடு மழை

தைப்பிங்கில் பிறந்தவளுக்கு மழையைப் பற்றி யாரும் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது என்று நினைத்திருந்தேன். மலேசியாவில் எங்கள் ஊரில் மத்தியானம் துணி காயப்போட்டால் சாயங்காலம் ஓடிப்போய் எடுக்க வேண்டும். என் இளமையில் பாதி அந்த ஓட்டத்திலேயே போனது. கல்லூரியின் கடைசி வருடத்தில், மழைக்குக் காத்திருக்கும் ஒரு நிலத்தைப் பற்றிக் குறும்படம் எடுக்கப் போவதாக எழுதிக் கொடுத்தபோது ஆசிரியர் சிரித்துவிட்டார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. இரண்டாயிரம் பிறந்து மூன்றாவது வருடம், ஒரு புரட்டாசி மாதத்தில் சின்ன வீடியோ கேமராவோடு கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கினேன்.

என்னோடு படித்த தோழியின் அத்தை மகள் வீட்டில் தங்க ஏற்பாடு. எட்டயபுரம் போகிற வழியில் ஒரு சிற்றூர். அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். கணவருக்குக் குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீடு, ஆடு, காடு எல்லாம் அக்காவின் பொறுப்பு. புஞ்சை நிலத்தை அங்கே காடு என்கிறார்கள். முதல் நாளே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து கேமரா முன்னால் நின்றாள்.

"படம் கோவில்பட்டித் தியேட்டருக்கு வருமா?"

"எங்கேயும் வராது அக்கா. கல்லூரியில் மார்க் போடுவார்கள், அவ்வளவுதான்."

"மார்க் போடுததுக்கா இம்புட்டுத் தூரம் பிளேன்ல வந்தீங்க?"

நான் அப்படியொரு நிலத்தைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் பச்சை கண்ணை மறைக்கும். இங்கே கண் போய்க்கொண்டே இருந்தது. கறுப்பு, கறுப்பு, கடைசியில் வானம். முதல் காலையில் சாலையோரம் நின்று பார்த்தபோது கேமராவை எடுக்கவே தோன்றவில்லை. பிறகு எடுத்தேன், எடுத்துத் தள்ளினேன். ஒவ்வொரு டேப்பின் மேலும் 'வெறும் நிலம்' என்று எழுதி எண் போட்டேன். ஒன்பது டேப் ஆயிற்று.

மழைதான் வரவில்லை. வானத்தில் மேகம் வரும், பார்க்கும், போய்விடும். ஊர் திரும்ப ஆறு நாள் இருக்கும்போது என் பொறுமை தீர்ந்தது. முதல் துளி மண்ணில் விழுகிற காட்சி இல்லாமல் என் படம் படமே இல்லை. மழை வராவிட்டால் என்ன, வரவழைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அக்கா கோவில்பட்டிச் சந்தைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, கல்யாண வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற டிராக்டர் டேங்கரைப் பிடித்தேன். மூன்று லோடு. ஓட்டுநர் கயத்தாற்றுக்காரர். சினிமா என்றதும் தலையைச் சீவிக்கொண்டார். சாலையோரம் காலியாகக் கிடந்த ஒரு நிலத்தைக் காட்டினேன்.

"காட்டுக்காரவியள்ட்டச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு அண்ணாச்சி" என்றேன். சொல்லவில்லை. காலி நிலத்துக்கு யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் ஹோஸின் வாயை விரலால் அழுத்தி மேலே பீய்ச்சினார். தண்ணீர் உடைந்து துளித்துளியாக இறங்கியது. மண் ஒவ்வொரு சொட்டையும் வாங்கி இன்னும் கறுத்தது. வாசனை எழும்பி வந்தது. ஒரு லோடு முடிவதற்குள் இரண்டு அறை அகலத்துக்கு நிலம் ஊறிவிட்டது. இரண்டாவது லோடுக்குப் போய் வந்து அவர் ஹோஸை எடுக்கும்போது, நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒரு பஸ் நின்றது.

"ஏட்டி! நிறுத்துட்டி!"

அதுவரை என்னை 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்ட அக்கா, பையைச் சாலையில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஈர மண் செருப்பைப் பிடித்துக்கொண்டது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்து ஹோஸை மடக்கிப் பிடித்தாள். அது அவள் காடு.

ஈரத்துக்கு வெளியே காய்ந்த மண்ணில் குந்தினாள். விரலால் தோண்டிக்கொண்டே போனாள். எதையோ பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். நாலு சோள விதை.

"நீ வாரதுக்கு முந்துன நாளு போட்டது, எட்டு நாளாச்சு. வீட்டுல இருந்த வெத பூராவும் இதுக்குள்ளதான் கெடக்கு."

"காய்ந்த மண்ணிலா?"

"பெறவு? மழை பெஞ்ச பெறவு இந்தச் சகதிக்குள்ள கால வைக்க முடியுமா? முன்னாலயே போட்டுரணும். சின்னத் தூத்தலுக்கு முழிக்காத ஆழத்துல போட்டிருக்கேன். நீ ஊத்துனதுக்கு முழிச்சிரும்."

"முழித்தால் நல்லதுதானே அக்கா?"

"முழிச்சா தண்ணி கேக்கும்லா? நாளைக்கு யாரு குடுப்பா?"

வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது. வானத்தில் ஒன்றுமே இல்லாத நாளில், வீட்டிலிருந்த விதை முழுவதையும் புழுதிக்குள் போட்டுவிட்டு, இவள் சந்தைக்குப் போகிறாள், பவுடர் போட்டுக்கொள்கிறாள், என் படம் தியேட்டருக்கு வருமா என்று கேட்கிறாள். நான் அவ்வளவு பெரிய துணிச்சலை அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலாம் நாள் முளைத்தது. அந்த இரண்டு அறை அகலத்தில் மட்டும். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஊசி ஊசியாகப் பச்சை. அத்தனை அழகான ஒன்றை நான் படம் பிடித்ததே இல்லை. மறுநாள் ஒரு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அக்கா வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டாள்.

"இது குடிக்கக் கெடக்குத தண்ணி. விடு. அது அவசரப்பட்டுட்டு, ஒன்னை மாதிரி."

நான் புறப்பட்ட அன்று நுனிகள் சுருள ஆரம்பித்திருந்தன. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வந்த அன்று பார்த்த அதே கறுப்பு நிலம்தான். ஆனால் இப்போது அடியில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். கோவில்பட்டி வரைக்கும் இரண்டு பக்கமும், காடு காடாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ரயிலில் உட்கார்ந்து ஒன்பது டேப்பிலும் 'வெறும்' என்ற சொல்லை அடித்தேன்.

தை பிறக்கும் முன்னால் ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு போட்டோ.

"ஏட்டி, நீ போயி பன்னெண்டாம் நாள் நல்ல மழை. ஒன் எடத்துல ஒண்ணும் மிஞ்சல. சகதி காஞ்ச பெறவு வெத கடன் வாங்கி அங்கன திரும்பப் போட்டேன். ஒன் வெள்ளாமை மட்டும் பிந்திட்டு. மத்த எடத்துல எங்கன நின்னாலும் பயிருக்குள்ள என் மூஞ்சி மறையுதுன்னு போட்டாக்காரரு அங்கனயே நிப்பாட்டிட்டாரு. இதப் படத்துல சேத்துரு."

போட்டோவில் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சோளம். நடுவில் இரண்டு அறை அகலத்துக்கு மட்டும் இடுப்பளவு. அதற்குள் அக்கா, பவுடர் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

வெளியே எங்கள் ஊர் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. துணியை எடுக்கச் சொல்லி அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். நான் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அக்காவைச் சுற்றி நின்ற என் பயிரை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.