லூர்துக்குப் போகாத மெழுகுதிரி

என் கணவர் கிறகரி, கனடாவில் கியூபெக்கின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவர். போக நினைத்த ஊரைத் தவிர ஐரோப்பாவில் மற்றதெல்லாம் பார்த்தவர். காரணம் ஊழியர் டிக்கெட். விமானத்தில் இடம் மிஞ்சினால்தான் ஏறலாம். கோடைதோறும் பிரான்சிலுள்ள லூர்து மாதாவிடம் என்று புறப்படுவோம். பாரிசுக்கு இடமிருக்காது; ரோமுக்கோ பெர்லினுக்கோ இருக்கும், ஏறிவிடுவோம். அங்கே லீவு முடிந்துவிடும். கொலோசியத்தின் முன்னாலும் பெர்லின் சுவரின் முன்னாலும் எடுத்த படங்களில் அவருக்கு ஒரே முகம்: பஸ்சைத் தவறவிட்டவரின் முகம்.

"கொஞ்சம் சிரியுங்கோவன்."

"இதென்ன லூர்தே, சிரிக்கிறதுக்கு?"

லூர்து நேர்த்திக்கடன் அவருடைய தம்பி யோசெப்புக்காக. தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி மன்னாரில் படகேறியவன் கரை சேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை. அவன் திரும்பிவர லூர்தில் ஒரு பெரிய மெழுகுதிரி. நவம்பரில், இறந்தோர் நாளில், கோவிலில் எல்லோரும் திரி கொளுத்துவார்கள். இவர் காருக்குள் இருந்து ரேடியோ கேட்பார்.

"யோசெப்புக்கும் ஒண்டு கொளுத்துவமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் செத்தவன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

பிறகு நான் கேட்கவில்லை.

2008இல் பிரசல்சுக்குத்தான் இடம். அங்கே பெட்டியைத் திறந்தால் லூர்துக்கென்று கொண்டுபோன திரி இரண்டாக முறிந்து கிடந்தது.

"எறிஞ்சிருக்கிறாங்கள், செலீன். மெதுவா வைக்கத் தெரியாதவங்கள்."

"நீங்கள் எப்பிடி வைக்கிறனீங்கள்?"

அவர் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார்; நடுநூலில் தொங்கின.

தெற்கே போகும் வழியில், பிரான்சின் அராசில் ரயில்கள் நின்றுவிட்டன, வேலைநிறுத்தம். பக்கத்தில் விமியில் கனடாக்காரரின் நினைவிடம் இருக்கிறது என்றார் ஹோட்டல்காரர். திரியையும் தூக்கிக்கொண்டு போனோம். அதை ஹோட்டலில் விட அவருக்கு நம்பிக்கையில்லை.

மேட்டில் இரண்டு வெள்ளைத் தூண்கள். அடிச்சுவர் முழுக்கப் பெயர்கள். வழிகாட்டிப் பெண் கியூபெக் பிள்ளை; அவள் "பொன்சூர்" என்று வணக்கம் சொன்னதும் இவர் சொந்தக்காரரைக் கண்டதுபோல மலர்ந்தார். ஆனால் பிரெஞ்சில் கதைக்க நான்தான் வேண்டும்.

"ஆற்ற பேர்கள் எண்டு கேளும்."

கேட்டுச் சொன்னேன். முதலாம் உலகப் போரில் பிரான்சில் இறந்து, கல்லறை தெரியாமல் போன கனடாக்காரர்.

"உடம்பு கிடைக்காட்டியும் பேர் வெட்டுவினமே?"

"ஓம்."

சுவரோரமாக நடந்தார். திரும்பி வந்து திரியை எடுத்தார். நூலில் தொங்கிய இரண்டு துண்டையும் பிரித்தார்.

"ஒண்டு இஞ்சை. மற்றது மாதாவுக்கு. அவன் வந்தால் வரட்டும்."

பெரிய காற்று. தொப்பியால் மறைத்துப் பிடித்துக் கொளுத்தினார். அனுமதி உண்டோ இல்லையோ, அந்தப் பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படம் எடுக்கவில்லை. பஸ்சைத் தவறவிட்ட முகம் அன்று இல்லை.

ரயில் ஓடவேயில்லை. திரும்பிவிட்டோம். அந்த நவம்பரில் காரைப் பூட்டிவிட்டு என்னோடு கோவிலுக்குள் வந்தார். அடுத்த மாசியில் அவரே கண்ணை மூடிவிட்டார்.

மற்றத் துண்டு என்னிடம் இருக்கிறது. ஆவணியில் லூர்துக்குப் போகிறேன், இருக்கை எண் போட்ட டிக்கெட்டில். திரி கைப்பையில்தான் வரும். பெட்டி ஏற்றும் அவருடைய கூட்டாளிகளை நான் நம்பமாட்டேன்.