அட்டைப்பெட்டியில் பத்தொன்பது குஞ்சுகள்

அன்னவாசலுக்குத் தெற்கே, தைலமரக் காடு முடிகிற இடத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் பொட்டல் இருக்கிறது. என் கணவர் குவைத்தில் பதினோரு வருடம் லாரி ஓட்டிவிட்டு இடுப்பு வலியோடு திரும்பி வந்தபோது அதில் கோழிப்பண்ணை போட்டோம். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் எங்களுடையது. ஒரு தடவைக்கு மூவாயிரம் குஞ்சு. நாற்பது நாள் வளர்த்தால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவரால் குனிந்து நிமிர முடியாது என்பதால் கொட்டகைக்குள் வேலை பெரும்பாலும் என் தலையில்தான்.

ஒவ்வொரு தடவையும் முதல் வாரத்தில் சில குஞ்சுகள் எழுந்து நிற்காது. இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துபோய், வயிறு தரையில் பட்டபடி கிடக்கும். கம்பெனி சூப்பர்வைசர் வரும்போது அவற்றைப் பொறுக்கி எடுத்து, கழுத்தைச் சட்டென்று இழுத்துவிட்டு, செத்தவற்றுக்கென்று வெட்டிய குழியில் போட்டுவிடுவார். அவர் விராலிமலைப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசமாட்டார். அவர் அந்த வேலையைத் தொடங்கும்போது நான் தண்ணீர்க் குவளைகளைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விடுவேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் பார்க்கவில்லை என்பது அந்த நாளில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் வருடம் பங்குனிக் கடைசியில் வந்த குஞ்சுகளில் கால் விரிந்தவை அதிகம். ஐந்தாம் நாள் எண்ணினேன், பத்தொன்பது. வந்த அன்று தண்ணீர் குடிக்கப் பழகட்டும் என்று ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் நனைத்து இறக்கிவிட்டவள் நான். அதனாலோ, அந்த வாரம் மகள் விடுமுறையில் வீட்டில் இருந்ததாலோ, சூப்பர்வைசர் வருவதற்கு முன்பே அந்தப் பத்தொன்பதையும் ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்துத் தீவன அறையில் வைத்துவிட்டேன். அவர் கேட்டபோது, இந்தத் தடவை அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்.

மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் யோசனை சொன்னாள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை மெல்லிசாக வெட்டி, விரிந்த கால் இரண்டையும் சரியான இடைவெளியில் சேர்த்துக் கட்டினாள். ஒரு குஞ்சுக்குக் கட்டிவிட்டு அடுத்ததைக் கையில் எடுக்கும்போது, வார்டில் நோயாளியிடம் பேசுவதுபோல அதனிடம் ஏதோ பேசினாள். மூன்று நாளில் நான்கு குஞ்சுகள் எழுந்து நின்றன. தடுமாறி நடந்துபோய்த் தாமாகவே தண்ணீர் குடித்தன. அவற்றைக் கொட்டகையில் விட்டோம். மகள் சந்தோஷமாகத் திருச்சிக்குத் திரும்பிப் போனாள்.

மீதிப் பதினைந்தும் நிற்கவில்லை. நானே ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீர் காட்டினேன், தீவனத்தை நனைத்து ஊட்டினேன். என் கணவருக்கு நான் செய்வது பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் வீட்டில் எதையும் அறுக்கவிட மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னார்: "நம்ம கையால எதையும் கொல்ல வேணாம். அதுவா போனாப் போகட்டும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு." எனக்கும் அது சரியென்றே பட்டது.

பத்து நாள் ஆனபோது திருமயத்தில் என் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. இரண்டு நாள் போகவேண்டியிருந்தது. பெட்டியில் தண்ணீரும் தீவனமும் வைக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவரும் சொன்னபடி வைத்திருக்கிறார். குனிந்து பார்க்கத்தான் முடியவில்லை.

கல்யாணம் முடிந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும், புடவைகூட மாற்றாமல் தீவன அறைக்குப் போனேன். பெட்டியின் ஓரத்தில் செவ்வெறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. மற்றவை உயிரோடுதான் இருந்தன. உயிரோடு இருந்தவற்றின் கண்ணோரத்திலும் எறும்பு. நெஞ்சுப் பக்கம் ரோமம் உதிர்ந்து, தரையில் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. ஒன்றைத் தூக்கினேன். அது கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது.

பெட்டியை வெளியே தூக்கிவந்து புளிய மரத்தடியில் வைத்து, எறும்பை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பிறகு சூப்பர்வைசருக்குப் போன் செய்து, நான் சொன்னது பொய் என்று சொல்லி, உடனே வரச் சொன்னேன். "இங்கிட்டுத்தான் பக்கத்துப் பண்ணையில இருக்கேன், வாரேன்க்கா" என்றார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். என் கணவர் வாசலிலிருந்தபடியே, கொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தோம், நல்ல எண்ணத்தில் செய்ததுதான் என்று சமாதானம் சொன்னார். சூப்பர்வைசர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் கேட்டார்:

"அதுக்கு வலிக்குதான்னு பாத்தீங்களாக்கா, இல்ல ஒங்களுக்கு வலிக்குதான்னு பாத்தீங்களா?"

குத்திக்காட்டுகிற குரலில் அவர் அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் இருந்தது.

அன்று நான் எழுந்து போகவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். உள்ளங்கையால் அதன் கண்ணை மூடினார். அது அடங்குகிற வரைக்கும் பொறுத்தார். பிறகு ஒரே இழுப்பு. இத்தனை நாளும் அவர் அதை வேகவேகமாக, வேலையை முடிக்கிறவர்போலச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். வேகம் கடைசி நொடியில் மட்டும்தான் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த பொறுமையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பதினொன்று முடிந்தபோது, எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். என் கணவர் வீட்டுக்குள் போய்விட்டார். எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் மடக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் காட்டினார். பாதியில் பயந்து நிறுத்திவிடக் கூடாது, அதைவிடக் கொடுமை வேறில்லை என்றார். கடைசி இரண்டையும் நான் செய்தேன். பாதியில் நிறுத்தவில்லை. கையில் அவற்றின் சூடு கொஞ்ச நேரம் இருந்தது.

கை கழுவும்போது அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். இந்த வேலைக்கு வந்த புதிதில் கண்ணை மூடிக்கொண்டு செய்வாராம். அதனால் சில குஞ்சுகள் சரியாகச் சாகாமல் குழிக்குள் கத்தியிருக்கின்றன. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்துச் செய்யப் பழகினாராம். அவர் மனைவிக்கு இன்னமும் இது தெரியாது, கோழிக்கு மருந்து எழுதிக் கொடுக்கிற வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

போவதற்கு முன்னால் கொட்டகைக்குள் வந்து, இந்தத் தடவை குஞ்சு இறக்கும்போது தரையில் என்ன பேப்பர் விரித்தீர்கள் என்று கேட்டார். எப்போதும் பழைய செய்தித்தாள்தான் விரிப்போம். இந்தத் தடவை அது கிடைக்கவில்லை. பழைய பேப்பர்க் கடையில் என் கணவர் வாங்கிவந்த வழுவழுப்பான விளம்பர நோட்டீஸ் கட்டை விரித்திருந்தோம். மிச்சம் கிடந்த ஒரு தாளை அவர் எடுத்து, அதன்மேல் விரலை வழுக்கவிட்டுக் காட்டினார். முதல் நாள் குஞ்சு இதில் நிற்கப் பார்க்கும், கால் வழுக்கும், அப்படியே விரிந்துவிடும் என்றார். எல்லாம் அதனால் என்று சொல்ல முடியாது, பாதிக்காவது அதுதான் காரணமாக இருக்கும் என்றும் சொன்னார்.

கொன்றதைவிட அதுதான் என்னை அதிகம் வாட்டியது. பாவமா இல்லையா என்று பத்து நாள் மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். வழக்குக்குக் காரணமே நான் விரித்த பேப்பர்.

மகளிடம் போனில் சொன்னேன். நாலு நின்றதே, இன்னும் ஒரு வாரம் பார்த்திருக்கலாமே என்றாள். எறும்பைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் புண் வந்த நோயாளியை இப்படியா செய்வோம், புண்ணைத்தானே ஆற்றுவோம் என்றாள். நோயாளிக்குப் பக்கத்தில் நீ இருப்பாய், மூவாயிரத்துக்கு நடுவே நான் ஒருத்தி எப்படி இருப்பேன் என்று கேட்டேன். அப்போதுதான் அவள் சொன்னாள்:

"அப்ப அந்த மூவாயிரமே தப்புதானம்மா. பதிமூணுக்கு அழுவுற நீ, மிச்சத்தையெல்லாம் லாரியில ஏத்தத்தான போற."

உன் படிப்பே அந்த லாரியில்தான் போகிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பதிலாகவும் இருந்திருக்காது. அன்றிலிருந்து அவள் கோழிக்கறி சாப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்தால் அவளுக்குத் தனியாகக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேன்.

நாற்பதாம் நாள் லாரி வந்தபோது, பிழைத்த அந்த நான்கையும் தேடிப் பார்த்தேன். பிளாஸ்திரியை எப்போதோ எடுத்துவிட்டிருந்தோம். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே உயரம். எது என்று தெரியவில்லை. ஏற்றுகிறவர்கள் ஒரு கைக்கு ஐந்து கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். ஒரு கைக்கு இரண்டாகத் தூக்கச் சொன்னேன். சிரித்தார்கள். மோர் கரைத்துக் கொடுத்து மறுபடியும் சொன்னேன். மூன்றாகத் தூக்கினார்கள்.

அடுத்த தடவைக்கு ஐந்நூறு குஞ்சு குறைவாகக் கேட்டேன். வெயில் காலத்தில் நெருக்கமாக இருந்தால் என்னால் ஒவ்வொன்றையும் பார்க்க முடியவில்லை என்றேன். சூப்பர்வைசர் ஆபீசில் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். தரையில் சொரசொரப்பான சணல் சாக்கைப் பிரித்து விரித்தேன். அந்தத் தடவை கால் விரிந்தவை ஆறு. கட்டிப் பார்த்ததில் இரண்டு நின்றன. மூன்று நாளுக்குமேல் நிற்காதவற்றை நானே எடுத்து முடித்தேன். மூன்று நாள் என்பது சரியான கணக்கா என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

என் கணவர் இதைப் பற்றி என்னிடம் பேசுவதே இல்லை. நான் குழிப் பக்கம் போனால் அவர் ரோட்டுப் பக்கம் போய்விடுவார். போன ஐப்பசியில் எனக்கு டைபாய்டு வந்து எட்டு நாள் படுத்துவிட்டேன். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவர்தான் கொட்டகையைப் பார்த்தார். ஆறாம் நாள் மத்தியானம் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கையை நன்றாகக் கழுவியிருந்தார், சட்டையின் கையெல்லாம் நனைந்திருந்தது.

"ஒண்ணு கெடந்துச்சு. மத்ததெல்லாம் அதும் மேல ஏறி மிதிச்சுக்கிட்டே போகுது," என்றார். "ரெண்டு தடவ பாத்துட்டு வந்துட்டேன். மூணாவது தடவ முடியல. செஞ்சுட்டேன்."

சரியாகச் செய்தீர்களா என்று கேட்டேன். ஒரே இழுப்பில் போய்விட்டது என்றார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சாயங்காலம் எனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துவிட்டு, வெயில் இறங்கியதால் கொட்டகையின் பக்கவாட்டில் வெயிலுக்குத் தொங்கவிட்டிருந்த படுதாவை ஏற்றிக் கட்டப் போனார்.